ஒய்பிக்குக் கடிதம் எழுதும் முன்: ஓய்வூதியச் சட்டம் மாறும்போது மன்ற ஊழியர் என்ன செய்யலாம்?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து மாநகர் மன்ற ஊழியர் ஒருவர் கேட்கிறார்: "ஓய்வூதியச் சட்டத்தில் திருத்தம் வரப்போகிறது என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. எங்கள் தொகுதி ஒய்பியிடம் (மக்கள் பிரதிநிதியிடம்) நானே ஒரு கடிதம் கொடுக்கலாமா? ஃபேஸ்புக்கில் எழுதினால் சிக்கல் வருமா? இதற்கு லெபோ லைட்டில் உள்ள மாநிலச் சட்டமன்றத்துக்குப் போவதா, கோலாலம்பூருக்குப் போவதா?"

கடிதத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 1993-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகளில் 4-ஆவது விதி பலருக்கும் தெரியாத ஒரு தடையை வைத்திருக்கிறது. பொதுச்சேவைக்கு எதிராகவோ அதைப் பற்றியோ எழுப்பும் கோரிக்கைக்கு வெளியாரின் செல்வாக்கையோ நெருக்குதலையோ கொண்டுவருவது குற்றம். கோரிக்கை உங்களுடையதா, சக ஊழியருடையதா என்ற வேறுபாடு அங்கே கிடையாது. தண்டனை எச்சரிக்கையில் தொடங்கி, அபராதம், சம்பள உயர்வு ஒத்திவைப்பு, பதவி இறக்கம், பணிநீக்கம் வரை போகும். மன்றங்களுக்கு இதே பாணியில் தனி விதிகள் உண்டு. உங்கள் மன்றத்தின் மனிதவளப் பிரிவில் அதன் நகலைக் கேட்டு வாங்கி 4-ஆவது விதியையும், பொது அறிக்கை பற்றிய 19-ஆவது விதியையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். எண்கள் ஒன்றிரண்டு மாறியிருந்தாலும் சாரம் அதுவாகவே இருக்கும்.

19-ஆவது விதிதான் ஃபேஸ்புக் கேள்விக்கும் பதில். அரசின் கொள்கையையோ முடிவையோ பாதிக்கும்படி எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பொதுவில் பேசுவதை அது தடுக்கிறது. சங்கத்தின் அறிக்கையைப் பகிரும்போது நாலு வரி கோபத்தைச் சொந்தமாகச் சேர்த்தால், சிக்குவது சங்கம் அன்று, நீங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டது ஸ்கிரீன்ஷாட்டாக மேலதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேரும் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

ஆகவே எதுவானாலும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் கடிதத்தாளில், தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டுப் போகட்டும். அதற்கு முன் செயலவைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, கூட்டக் குறிப்பில் பதிவு செய்துவிடுங்கள். நூறு உறுப்பினர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொண்ட கையொப்பப் பட்டியலை இணைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பட்டியல் நூறு பேரையும் தனித்தனியாகக் காட்டிக்கொடுக்கும். தீர்மானத்தின் நகல் போதும். பணத்திலும் கவனம் வேண்டும்: 1959-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டப்படி சங்க நிதியை அரசியல் நோக்கத்துக்குச் செலவிடக் கூடாது. கட்சிக் கூட்டத்துக்குப் பேருந்து பிடிக்கச் சங்கக் காசோலை எழுதினால், நல்ல கோரிக்கையும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகும்.

இனி, எங்கே போவது. மன்ற ஊழியர்களின் ஓய்வூதியம் 1980-ஆம் ஆண்டின் சட்டபூர்வ அமைப்புகள், உள்ளாட்சி மன்றங்கள் ஓய்வூதியச் சட்டத்தின், அதாவது சட்டம் 239-இன் கீழ் வருகிறது. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். பினாங்குச் சட்டமன்றத்தின் 40 உறுப்பினர்களும் ஒருமனதாக நின்றாலும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற முடியாது. ஆண்டிறுதிச் சிறப்புத் தொகை, காலிப் பணியிடங்களை நிரப்புவது, துப்புரவு வேலையைக் குத்தகைக்கு விடுவது போன்றவற்றுக்கு மாநில அரசையும் மன்றத்தையும் அணுகலாம். அந்தக் கோரிக்கைகளை மாநில வரவுசெலவுத் திட்டம் தாக்கலாவதற்குப் பல மாதங்கள் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஓய்வூதியத்துக்கு வழி புத்ராஜெயாவில் உள்ள பொதுச்சேவைத் துறைதான். உங்கள் சங்கம் பொதுத்துறைச் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸில் இணைந்திருந்தால் அதன் வழியாகப் போவது நல்லது. தனிச் சங்கத்தின் கடிதம் கோப்பில் உறங்கிவிடலாம், ஆனால் கியூபெக்ஸ் தேசிய அளவில் அரசோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் அமைப்பு.

தனியார் துறை நண்பர்கள் சொல்லும் கூட்டு ஒப்பந்தம், தொழில் நீதிமன்றம் எல்லாம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, அரசு ஊழியர்களையும் சட்டபூர்வ அமைப்புகளின் ஊழியர்களையும் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்கி வைக்கிறது. பேரம் பேசும் உரிமை இப்படிச் சுருங்கியிருப்பதால்தான், சட்டம் எழுதப்படும் கட்டத்திலேயே குரல் கொடுப்பது பொதுத்துறைச் சங்கங்களுக்கு உயிர்நாடியான வேலையாகிறது.

பினாங்குக்காரர்கள் அதிகம் பயன்படுத்தாத இன்னொரு கதவும் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 95ஏ பிரிவு உள்ளாட்சிக்கான தேசிய மன்றத்தை அமைக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அங்கே ஒரு பிரதிநிதி உண்டு. உள்ளாட்சி தொடர்பாகச் சட்டம் கொண்டுவர நினைக்கும் அரசு அந்த மன்றத்தைக் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டது. திருத்தம் உள்ளாட்சியைத் தொடுவதாக இருந்தால், உள்ளாட்சிக்குப் பொறுப்பான மாநில ஆட்சிக்குழு உறுப்பினரைச் சங்கம் சந்தித்து, பினாங்கு அங்கே என்ன நிலை எடுக்கும் என்று நேராகக் கேட்கலாம்.

எப்போது போவது என்பதில்தான் பெரும்பாலான சங்கங்கள் தோற்கின்றன. மசோதா முதல் வாசிப்புக்கு வரும்போது அமைச்சரவை முடிவு செய்து, சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் வரைந்து முடித்திருக்கும். இரண்டாம் வாசிப்பு விவாதம், குழுநிலை, மூன்றாம் வாசிப்பு எல்லாம் சில நாள்களிலேயே முடிந்துவிடக்கூடும். பிறகு மேலவை, மாமன்னரின் இணக்கம், கெஜட் (அரசிதழ்). பேச்சு அடிபடும்போதே பொதுச்சேவைத் துறைக்கு முதல் மகஜர் (கோரிக்கை மனு) போய்விட வேண்டும். மசோதா நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஏறியதும், விதி விதியாகப் பார்த்து எழுதிய இரண்டாவது மகஜரை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். குழுநிலையில்தான் வாசகத்தைத் திருத்த முடியும், அதைத் தவறவிடாதீர்கள்.

தாமதம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஓய்வூதியச் சரிக்கட்டல் வழக்கே சாட்சி. பணியில் இருப்போரின் சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வூதியமும் கூடவே உயர்ந்து வந்தது. 2013-இல் சட்டத்தைத் திருத்தி, ஆண்டுக்கு 2 விழுக்காடு என்று மாற்றினார்கள். ஓய்வூதியர்கள் நீதிமன்றம் போனார்கள். பின்னால் வரும் சட்டம் ஓய்வூதியருக்கு முன்பைவிடக் குறைந்த நன்மை தரக்கூடாது என்று அரசியலமைப்பின் 147-ஆவது பிரிவு காப்பு அளிக்கிறது. அதன்படி 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. 2023 ஜூன் 27-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வென்றார்கள், ஆனால் இடையில் போனது பத்து ஆண்டு. உங்கள் மகஜரில் 147-ஆவது பிரிவைக் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள்.

மகஜர் மலாயில், மூன்று பக்கத்துக்குள் இருக்கட்டும். சங்க வரலாற்றை முதல் பக்கத்தில் கொட்டாதீர்கள், ஒய்பியின் உதவியாளர் அங்கேயே நிறுத்திவிடுவார். முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை: விதி எண், இன்றுள்ள வாசகம், மசோதாவின் வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம். "ஊழியர் நலன் காக்கப்பட வேண்டும்" என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள், எதையும் மாற்றவும் மாட்டார்கள். மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் அதை அவையில் முன்மொழிய முடியும்.

இரண்டாம் பக்கத்தில் கணக்கு. இன்றைய சூத்திரப்படி மாத ஓய்வூதியம் என்பது சேவை மாதங்களையும் கடைசிச் சம்பளத்தையும் பெருக்கி 600-ஆல் வகுத்தது, உச்சவரம்பு சம்பளத்தில் 60 விழுக்காடு. பணிக்கொடை, அதே பெருக்குத்தொகையில் 7.5 விழுக்காடு. 3,000 ரிங்கிட் சம்பளத்தில், 300 மாதச் சேவையோடு ஓய்வு பெறுபவருக்கு மாதம் 1,500 ரிங்கிட்டும் பணிக்கொடையாக 67,500 ரிங்கிட்டும் கிடைக்கும். ஒரு விதி அவருடைய சேவையில் 60 மாதங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அது 1,200 ரிங்கிட்டாகவும் 54,000 ரிங்கிட்டாகவும் இறங்கும். அந்த 300 ரிங்கிட், மாதாமாதம், வாழ்நாள் முழுக்க. பெயர் போடாமல், சம்பளமும் சேவைக்காலமும் வேறுபட்ட மூன்று உதாரணங்கள் காட்டுங்கள்.

ஆதாரங்களில் ஒரு கண் வையுங்கள். 'சூலிட்' (இரகசியம்) முத்திரையோடு யாரோ அனுப்பிய வரைவை இணைக்கவே கூடாது. அமைச்சரவை, ஆட்சிக்குழு ஆவணங்கள் 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் வருபவை, கசியவிட்டால் குறைந்தது ஓராண்டுச் சிறை. காலிப் பணியிட எண்ணிக்கை போன்ற மாநிலத் தகவல் தேவையானால், 2015 முதல் நடப்பில் உள்ள பினாங்குத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழி எழுத்துபூர்வமாக விண்ணப்பியுங்கள்.

சட்டம் நிறைவேறிவிட்டாலும் வேலை முடியாது. கெஜட் வந்த நாளும் அமலுக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இடைமாற்ற விதியில், ஏற்கெனவே பணியில் இருப்போர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பாருங்கள். 'ஒப்ஷன்' பாரம் (பழைய விதியா, புதிய விதியா என்று தேர்வு செய்யும் படிவம்) கையில் வந்தால், போட்ட கையொப்பத்தைத் திரும்பப் பெற வழியில்லாமல் போகலாம். கடைசி நாள் என்ன, பதில் தராவிட்டால் எந்தத் தேர்வாகக் கருதப்படும் என்ற இரண்டையும் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, சங்கச் செயலாளரோடு உட்கார்ந்து இரண்டு தேர்வுக்கும் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தபின் கையொப்பமிடுங்கள்.