நாலாம் விரல்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாகப் பியானோ கற்கிறான். சினிமாப் பாட்டு எதுவானாலும் ஒருமுறை கேட்டால் இரண்டு கையாலும் வாசித்துவிடுவான். ஆனால் அவனுடைய டீச்சர் ஏழு மாதமாக ஸ்கேல் என்கிற சுரவரிசை, செர்னி புத்தகத்து விரல் பயிற்சிகள் தவிர வேறு எதையும் தொட விடுவதில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் வாசிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். போன வாரம் வகுப்பிலேயே அழுதுவிட்டான். நானும் உடனிருந்தேன் (எல்லா வகுப்பையும் போனில் பதிவு செய்வேன்). வேறொரு இடத்தில் நேராக ஐந்தாம் கிரேடு தேர்வுக்கே அனுப்புவதாகச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? ஒரு மேதையை இப்படிக் கசக்கிப் பிழியத்தான் வேண்டுமா? இளையராஜாவுக்கும் அவருடைய குருவான தன்ராஜ் மாஸ்டருக்கும் இருந்த உறவைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும். வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோ, அது போதுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

டிஜிட்டல் போதும். 88 கட்டை இருந்து, அழுத்தும்போது விரலுக்குக் கனம் தெரிந்தால் சரி. தன்ராஜ் மாஸ்டரை ஒரு பத்தியில் எழுதி முடிப்பது அவருக்குச் செய்கிற அவமரியாதை, இன்னொரு நாள் பார்க்கலாம். ‘மேதை’ என்ற சொல்லைப் பையன் காதுபட வீட்டில் சொல்லாதீர்கள். டீச்சர் அடிக்கிறார், கேவலமாகப் பேசுகிறார் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லையே. ஸ்கேல் வாசிக்கச் சொல்கிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட அந்த வரி. எதற்கு ஐயா பதிவு செய்கிறீர்கள்? அழுகிற பையனையுமா?

உங்கள் மகன் எந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுகிறானோ, அதை எழுதிய கார்ல் செர்னி வியன்னாக்காரர். சிறுவனாக பீத்தோவனிடம் கற்றவர். அங்கே அவருக்கும் முதல் பாடங்கள் ஸ்கேல்தான், அப்புறம் கட்டைவிரலை எப்படி வைப்பது என்பதுதான். 1819-இல் அவர் வீட்டுக்கு ஒரு அப்பா தன் எட்டு வயதுப் பையனை அழைத்து வருகிறார். வெளுத்த, நோஞ்சான் பையன். குடித்தவனைப் போல நாற்காலியில் ஆடி ஆடி வாசிக்கிறான், எந்த நேரமும் கீழே விழுந்துவிடுவானோ என்றிருந்ததாம் செர்னிக்கு. எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று ஒன்றும் தெரியாமல் இஷ்டத்துக்கு விரலை வீசுகிறான். ஆனால் இயற்கை அவனுக்குக் கொடுத்திருப்பதைப் பார்த்து அசந்துபோனேன் என்று பிற்பாடு தன் நினைவுகளில் எழுதினார். பையன் பெயர் ஃபிரான்ஸ் லிஸ்ட், பின்னாளில் ஐரோப்பாவே கொண்டாடிய பியானோ கலைஞர்.

1822-இல் குடும்பமே வியன்னாவுக்கு வந்தது. பகல் முழுக்க வரிசையாக மாணவர்கள் என்பதால் மாலை நேரத்தை இந்தப் பையனுக்கு ஒதுக்கினார் செர்னி, ஏறக்குறைய தினமும், காசு வாங்காமல். முதலில் என்ன கொடுத்தார் தெரியுமா? எல்லாச் சுருதியிலும் ஸ்கேல். அப்புறம் கிளெமெண்டி என்பவர் பியானோவுக்கு எழுதிய சொனாட்டாக்கள், தாளம் அணுவளவும் பிசகாமல். பையனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதுதான். அவனுக்குத்தான் எல்லாம் தானாக வருகிறதே.

இங்கேதான் நான் பல வருடமாகச் சொல்லி யாரும் காதில் வாங்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திறமையில்லாத பிள்ளையின் தப்பு எல்லார் காதுக்கும் கேட்கும். திறமையுள்ள பிள்ளையின் தப்பு அவனுடைய திறமைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பெற்றவர்களுக்கும் கேட்காது, கைதட்டுகிறவர்களுக்கும் கேட்காது, அந்தப் பிள்ளைக்கும் கேட்காது. ஊரில் ஒரே ஒரு ஆளுக்குக் கேட்கும். அந்த ஆளிடமிருந்துதான் நீங்கள் பையனைப் பிரிக்கப் பார்க்கிறீர்கள்.

லிஸ்டுக்கும் அதுதான் நடந்தது. அவனுடைய அப்பா ஆடம் கெட்டவரில்லை, எஸ்டர்ஹாசி பிரபுக்களின் ஆட்டுப்பண்ணையை மேற்பார்த்துக்கொண்டிருந்தவர், வேலையையும் ஊரையும் விட்டுப் பையனுக்காகவே வந்தவர். ஆனால் அவன் வியன்னா மேடையில் வாசித்து ஊர் அதைக் கொண்டாடியதும் அவரால் பொறுத்திருக்க முடியவில்லை. 1823-இல் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பாடம் நடந்தது சுமார் ஒரு வருடம்தான். நன்றாக வந்துகொண்டிருந்த நேரத்தில் பணத்துக்காகக் கூட்டிப்போய்விட்டார் என்று செர்னி எழுதியதில் கசப்பு இருக்கிறது. 1837-இல் பாரிஸில் மறுபடி கேட்டபோது, கை அசுர வேகத்தில் போனாலும் வாசிப்பு காட்டுத்தனமாக, குழம்பிக் கிடந்ததாகவே அவருக்குப் பட்டது. பாரிஸே அந்த ஆளைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது.

எனக்கு இதை நிதானமாக எழுத வரவில்லை. காரணம் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் எங்கள் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, பின்னால் ஒரு வீட்டில் டீச்சர் இருந்தார். தனி ஆள். முன்னறையில் பழைய பியானோ, மழைக்காலத்தில் கட்டைகள் ஊறிப்போகாமலிருக்க உள்ளே எந்நேரமும் ஒரு சின்ன பல்பு எரியும். நான் கட்டையில் விரல் வைத்ததும் என் புறங்கையில் ஒரு இருபத்தைந்து பைசாவை வைப்பார். நாலு ஆக்டேவ் (ஸ்தாயி) ஏறி இறங்குகிறவரை அது விழாமலிருந்தால் காசு எனக்கு. கட்டைவிரலை உள்ளே நுழைக்கிற இடத்தில் கை தூக்கிப்போடும், சிமெண்டுத் தரையில் டங்கென்று விழும். “எடுத்து வையி” என்பார், அவ்வளவுதான். மூன்று வருடத்தில் நான் சம்பாதித்தது ஒன்றேகால் ரூபாய்.

எனக்கும் கேட்டால் வரும், ஆர். டீச்சர் ஒருமுறை வாசித்துக் காட்டினால் அடுத்த வாரம் அப்படியே வாசிப்பேன். நோட்டைப் பார்த்து வாசிப்பதுபோலப் பக்கமும் புரட்டுவேன். ஒருநாள் ஒரு இசைத்துண்டை வாசித்துக் காட்டினார். அடுத்த வகுப்பில் நான் வாசித்து முடித்ததும் பென்சிலால் ஒரு இடத்தைத் தட்டி, “இந்த நோட்டு எங்கலே இருக்கு?” என்றார். புத்தகத்தில் அது இல்லை. போன வாரம் வேண்டுமென்றே அங்கே ஒரு தப்பு வாசித்திருந்தார். நான் அந்தத் தப்பையும் சேர்த்து மனப்பாடமாக வாசித்திருந்தேன். அதற்கப்புறம் எனக்கு எதையும் அவர் வாசித்தே காட்டவில்லை. நான் அன்றைக்கு அழுதேன், என் அப்பாவிடம் அப்போது போன் இல்லை.

இன்னொன்று என் நாலாம் விரல். மோதிர விரல். எல்லாருக்குமே அது தூங்குமூஞ்சிதான், எனக்கு ரொம்ப. அது வேலை செய்யவேண்டிய இடத்தில் நடுவிரலால் சமாளித்துவிடுவேன், கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. “எழுப்புலே அத” என்று அந்த ஒரு விரலுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே பக்கத்தை வாசிக்க வைத்தார்.

பதின்மூன்று வயதில் ஒரு கல்யாணத்தில் வாசித்தேன், ஐம்பது ரூபாய் கொடுத்தார்கள். அப்பா தபால் ஆபீஸ் குமாஸ்தா. ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனும என்னத்தப் படிக்கணும்?” என்றார். சந்தோஷமாகத்தான் கேட்டார். அதோடு நின்றது. டீச்சரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. புத்தகத்தில் அடுத்த வகுப்புக்கான தேதியை அவர் பென்சிலில் எழுதியிருந்தார், இன்னும் இருக்கிறது.

லிஸ்டாவது பின்னால் தன் மிகக் கடினமான பன்னிரண்டு எட்யூட்களை (பயிற்சிக்கான இசைத்துண்டுகளை) 1852-இல் பதிப்பித்தபோது, தன்னை மாணவன் என்று குறிப்பிட்டுச் செர்னிக்குச் சமர்ப்பணம் செய்தார். முதுமையில் ஜெர்மனியின் வைமார் நகரில் எத்தனையோ பேருக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். நான் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் வாசித்தேன்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணம், அதே கோவில். ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கைத்தடி ஊன்றுகிற சத்தம். வெள்ளைச் சேலை, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்ணில் புரை. எனக்குக் கை நின்றுவிட்டது. வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் குனிந்து என் வலது கையைப் பார்த்தார்.

“நாலாம் வெரலு இன்னும் எந்திக்கலியாலே?”

அன்புடன்,
எஸ்.