தள்ளிப்போட்டால் கிடைப்பது ஒரு வருடம் அல்ல

அமெரிக்காவில் பிஎச்டி படிக்க விண்ணப்பத்தை இந்த டிசம்பரிலேயே போடுவதா, ஒரு வருடம் பொறுத்துப் பலப்படுத்திக்கொண்டு போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஃபைலைப் பார்த்தேன். மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி என்று சொல்ல இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஒன்றுதான், பரிந்துரைக் கடிதம் தரப்போகிற மூவரில் இரண்டு பேர் உங்களுக்கு வகுப்பு எடுத்தவர்கள், அவ்வளவுதான். நீங்கள் ஜிஆர்இ (மேற்படிப்புச் சேர்க்கைக்கான தேர்வு) ஸ்கோரை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், எனக்கு அந்தக் கடிதங்களை நினைத்துத்தான் கவலை.

ஜிஆர்இக்காக ஒரு வருடத்தை விடவே வேண்டாம். 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், அதைக் கேட்காத துறைகளும் இப்போது நிறைய இருக்கின்றன.

ஒரு வருடம் என்கிறோமே தவிர, கையில் கிடைப்பது அதில் பாதிதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் பிஎச்டிக்குப் பெரும்பாலும் முந்தைய டிசம்பரிலேயே கடைசித் தேதி வந்துவிடும். மே மாதம் படிப்பை முடித்து, கொஞ்சம் ஓய்வெடுத்து, இடம் தேடி அலைந்து செப்டம்பரில் ஒரு லேபில் சேர்ந்தால், நவம்பரில் உட்கார்ந்து அந்தப் பேராசிரியர் உங்களைப் பற்றி என்னதான் எழுத முடியும்? ஆர்வமானவர், நேரத்துக்கு வருகிறார் என்று எழுதுவார். அதுவே ஜூன் முதல் வாரம் சேர்ந்திருந்தால், ஒரு சோதனை திரும்பத் திரும்பச் சொதப்பியபோது நீங்கள் பழைய டேட்டாவைப் பிரித்துப் பார்த்துக் காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பத்தியே எழுதுவார். சேர்க்கைக் குழு தேடுவது அந்தப் பத்தியைத்தான். ஆராய்ச்சிப் பேப்பர் வெளிவந்துவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இதழ் அதைப் பரிசீலிக்கும் ரிவ்யூ முடியவே பல மாதம் ஆகலாம்.

அதனால் முதலில் ப்ராஜெக்ட் கைடிடமே கேளுங்கள்: படிப்பு முடிந்த கையோடு அவரிடமோ அவருக்குத் தெரிந்த லேபிலோ முழுநேரமாகச் சேர முடியுமா என்று. நவம்பருக்குள் தெளிவாகச் சரி என்றால் தாராளமாகத் தள்ளிப்போடுங்கள், அந்த வருடம் வீண் போகாது. பார்க்கலாம் என்று இழுத்தால் இந்த டிசம்பரிலேயே போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி போடலாம், பல துறைகள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

படிப்பில் கேப் விழுந்துவிடுமே என்று வீட்டில் பயப்படுவதாகச் சொன்னீர்கள். லேபில் வேலை பார்த்த வருடத்தை ஆராய்ச்சி அனுபவமாகத்தான் பார்ப்பார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.

கைடுக்கான மெயிலை இந்த வாரமே எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.