எத்தனை டன் என்று வீட்டைத்தான் கேட்க வேண்டும்

கேள்வி: புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. 1,800 சதுர அடி. கோடையில் குளிரவைக்கவும் குளிர்காலத்தில் சூடாக்கவும் ஒரே ஹீட் பம்ப் போதும் என்கிறார்கள். எங்கள் பக்கம் கோடையில் 36 டிகிரி அடிக்கும், குளிர்காலத்தில் சில இரவுகள் மைனஸ் 10 வரை போகும். ஒருவர் 5 டன் வேண்டும் என்கிறார், இன்னொருவர் 3 டன்னே தாராளம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரிடமும் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரை விட்டுவிடலாம். சதுர அடியை ஏதோ ஒரு எண்ணால் வகுத்து டன் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. அதே 1,800 சதுர அடி வீட்டில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தால் ஒரு அளவு கேட்கும், கூரைக்கு நல்ல இன்சுலேஷன் போட்டு ஜன்னல்களுக்கு வெளியே வெயில் மறைப்பு வைத்தால் வேறு அளவு கேட்கும். சுவர், கூரை, ஒவ்வொரு ஜன்னலும் பார்க்கும் திசை, இடுக்கு வழியாக நுழையும் காற்று, வீட்டில் எத்தனை பேர் என்று அறை அறையாகப் போட்டுப் பார்ப்பதுதான் ஹீட் லோடு கணக்கு. கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும்.

பெரிதாக வாங்கிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நான் முதலில் போட்ட மெஷின் தேவைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. “இருக்கட்டும் சார், பின்னால் உதவும்” என்று சொல்லித்தான் மாட்டினார்கள். அது பத்தே நிமிடத்தில் அறையைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தை வடிக்க வேண்டுமானால் மெஷினுக்குள் இருக்கும் குளிர்ந்த காயில் (குழாய்ச் சுருள்) மேல் காற்று நிதானமாக, தொடர்ந்து ஓட வேண்டும், அதற்கு இது நேரமே கொடுக்காது. 24 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு புழுங்கிக்கொண்டிருந்தோம், அது ஒரு தனிக் கதை.

இன்வெர்ட்டர் மெஷின்தான் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே என்பீர்கள். குறைக்கும், ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன். 5 டன் மெஷின் கால் பங்குக்கு இறங்கினாலும் 4 கிலோவாட்டுக்கு மேல் தள்ளும், மிதமான நாளில் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும் என்றால் மறுபடி ஓடுவதும் நிற்பதும்தான். அதனால் அதிகபட்சத் திறனோடு குறைந்தபட்சத் திறனையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்த மைனஸ் 10. விவரத்தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சூடாக்கும் திறன் பொதுவாக வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெளியே குளிரக் குளிர அதே மெஷினின் திறன் இறங்கும், வீட்டின் தேவையோ ஏறும். கடுங்குளிருக்கென்று செய்த மாடல்கள் அவ்வளவாக இறங்காது. தயாரிப்பாளரிடம் வெப்பநிலை வாரியான அட்டவணை இருக்கும், அதில் மைனஸ் 10-க்கான எண்ணை எடுத்து உங்கள் வீட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஏழெட்டு இரவுகளுக்கு மட்டும் கொஞ்சம் துண்டு விழுகிறது என்றால் அதற்காகப் பெரிய மெஷினுக்குப் போக வேண்டாம், கூடவே ஒரு சின்ன மின் ஹீட்டர் இருந்தால் சமாளித்துவிடலாம்.

இன்னும் சுவர் எழும்பாதது உங்கள் அதிர்ஷ்டம். மெஷினில் ஒரு டன் கூட்டுகிற பணத்தை இன்சுலேஷனிலும் ஜன்னலிலும் போடுங்கள். அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்ட் செல்லும் வழியை இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வெயிலில் வேகிற இடத்தில் அதை ஓடவிட்டால் குளிர்ந்த காற்று அறைக்கு வருவதற்குள் கணிசமாக வீணாகிவிடும்.

கேள்வி: வெளியே உறைபனி, அந்தக் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கிறதாம். இதை எப்படி ஐயா நம்புவது?

பதில்: ஃப்ரிட்ஜின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்துத்தான் அது வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப்பும் அதே வேலைதான். 0 டிகிரி என்பது தண்ணீர் உறையும் புள்ளி, அவ்வளவுதான். வெப்பமே இல்லாத நிலை மைனஸ் 273-ல் இருக்கிறது. இப்போது பல மெஷின்களின் குழாய்களுக்குள் சுற்றிவரும் ஆர்-32 வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்கு உங்கள் மைனஸ் 10 காற்றே அடுப்பு மாதிரி. அப்படி ஆவியானதைக் கம்ப்ரசர் அழுத்த, சூடேறி, வீட்டுக்குள் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்பும். கோடையில் ஒரு வால்வு இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடும், ஏசி ஆகிவிடும். மின் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் தரும், இது மிதமான குளிரில் 3, 4 யூனிட் கொண்டுவந்து கொடுக்கும். யோசனை ஒன்றும் புதிதில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1852-லேயே எழுதியது. சூரிச் நகர மன்றத்தில் 1938-ல் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கினார்கள்.

கேள்வி: தரைக்கு அடியில் குழாய் பதிக்கப் போகிறோம். குளிர்காலத்தில் சுடுநீர், கோடையில் குளிர்நீர், இரண்டுக்கும் அதே குழாய் போதுமல்லவா?

பதில்: சூடாக்க இதைவிட நல்ல வழி இல்லை. தரை முழுக்கப் பரந்திருப்பதால் 35 டிகிரி தண்ணீரே போதும், சுவரோரம் வைக்கும் பழைய சுடுநீர் ரேடியேட்டர் என்றால் 55-க்கு மேல் கேட்கும், தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டுமோ அவ்வளவுக்கு மின்சாரச் செலவும் ஏறும். குளிரவைப்பதுதான் சிக்கல். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று ஏறக்குறைய 24 டிகிரியைத் தொட்டாலே வியர்க்க ஆரம்பிக்கும். தரையை 20-க்குக் கொண்டுபோனால் கூடத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி ஆகிவிடும், வழுக்கி விழுந்தால் இடுப்பு போச்சு. வறண்ட பகுதியில் இதை வைத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஈரமான பகுதி என்றால் கோடைக்கு ஃபேன் காயில் யூனிட்டோ (குளிர்நீர் ஓடும் காயில் மேல் ஃபேன் காற்றைத் தள்ளும் பெட்டி) டக்டோ தனியாக வையுங்கள், அவற்றில் ஈரம் வடிந்து குழாய் வழியாக வெளியேறிவிடும்.

கேள்வி: பூமிக்குள் துளை போட்டு வைக்கும் ஹீட் பம்ப் வகையைப் பரிந்துரைப்பீர்களா?

பதில்: தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையானது. பத்து மீட்டருக்குக் கீழே போனால் மண்ணின் வெப்பநிலை வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது, அதனால் கடுங்குளிரிலும் அசராது. ஆனால் துளை போடுகிற செலவு கனமானது. நன்றாக இன்சுலேஷன் செய்த புது வீட்டுக்கு வெப்பமே கொஞ்சம்தான் தேவை, அதில் எவ்வளவு மிச்சம் பிடித்து அந்தச் செலவை எடுக்கப் போகிறீர்கள்? நான் காற்றிலிருந்து எடுக்கும் வகைக்கே போவேன்.

கேள்வி: குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அவுட்டோர் யூனிட் திடீரென்று நின்று, புகை கக்குகிறது. இதையா நாங்களும் வாங்க வேண்டும்?

பதில்: அது புகை இல்லை, ஆவி. வெளிக் காயிலில் படியும் உறைபனியைக் கரைக்க மெஷின் சில நிமிடங்கள் திசை திருப்பி ஓடும். கரைந்த தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் பாருங்கள். நடைபாதையில் ஓடி உறைந்தால் ஆபத்து. பனி விழும் இடமானால் யூனிட்டைத் தரையிலிருந்து உயர்த்தி ஸ்டாண்டில் வைக்க வேண்டும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள், உங்களுடையதானாலும் சரி, பக்கத்து வீட்டாருடையதானாலும் சரி.

கேள்வி: மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் அணைத்துவிட்டுக் காலையில் போடலாமா?

பதில்: குளிர்காலத்தில் வேண்டாம். விடியற்காலைதான் பொதுவாக வெளியே மிகக் குளிரான நேரம், அப்போது ஆறிப்போன வீட்டை அவசரமாகச் சூடாக்கச் சொன்னால் கூட இருக்கும் மின் ஹீட்டரும் சேர்ந்து ஓடும், மிச்சம் பிடித்தது போய்விடும். இரவில் ஒன்றிரண்டு டிகிரி குறைத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.