விதவை பென்ஷனா, மகளிர் உரிமைத் தொகையா? கேட்டதும் கேட்காமல் விட்டதும்

கேள்வி: எனக்கு 42 வயது. கொத்தனார் வேலை பார்த்துவந்த என் கணவர் எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு 47 வயது. பிளஸ் ஒன் படிக்கும் மகள், முதியோர் பென்ஷன் வாங்கும் மாமியார், நான் என மூன்று பேர் இருக்கிறோம். எனக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. விதவை பென்ஷனுக்கு எழுதிப்போட்டால் அது நின்றுவிடும் என்கிறார்கள். மாமியார் பென்ஷன் வாங்குவதால் எனக்கு எதுவுமே கிடைக்காது என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். இரண்டில் எது நல்லது? எங்கே, எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?
(ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: மாமியார் விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம், சகோதரி. 2023இல் உரிமைத் தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஓய்வூதியம் வாங்குபவர் இருக்கும் குடும்பத்துக்கே தொகை கிடையாது என்றுதான் விதி இருந்தது. அந்த ஆகஸ்ட் மாதமே அதைத் தளர்த்திவிட்டார்கள். முதியோர் ஓய்வூதியம் வாங்குபவரை விட்டுவிட்டு, அதே வீட்டில் தகுதியுள்ள மற்ற பெண் விண்ணப்பிக்கலாம் என்று ஆனது. பழைய விதிதான் இன்னமும் ஊர் வாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. விதவை ஓய்வூதியமும் உங்கள் நிலையைப் பார்த்து உங்களுக்குத் தருவது. மாமியாரின் பென்ஷனை வைத்து உங்களை யாரும் தள்ளிவிட முடியாது.

பென்ஷன் வந்தால் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று மற்றவர்கள் சொன்னது உண்மை. ஒரே ஆளுக்கு இரண்டும் கிடையாது. விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட் முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. ஆக, நீங்கள் கேட்பது மாதம் 200 ரூபாய் வித்தியாசத்தைப் பற்றி. அது சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட இடங்களில் இதைவிடப் பெரிய பணம் கிடக்கலாம். அவற்றுக்குக் காலக்கெடுவும் உண்டு. அதனால் அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணவரின் வங்கி பாஸ்புக்கை இன்றே எடுத்துப் போய்ப் பதிவு போட்டு வாங்குங்கள். மே மாதக் கடைசி வாக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அந்த வரி இருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். 50 வயதுக்குள் சேரலாம், 55 வரை காப்பீடு உண்டு. இறப்பு எந்தக் காரணத்தால் என்றாலும் 2 லட்சம் ரூபாய். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளுக்குள் விபத்தில்லாமல் இறந்தால் மட்டும் கிடையாது. 20 ரூபாய் பிடித்தம் ஒன்றும் கண்ணில் படலாம். அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்கு வராது. கணக்கு தொடங்கும்போது நீட்டிய படிவங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் விட்ட ஆண்கள் ஏராளம். போதாக்குறைக்கு, ஆள் போன பிறகு ஏ.டி.எம். கார்டை வைத்து மிச்சப் பணத்தை எடுத்துவிட்டு, இறந்த தகவலை வங்கிக்கே சொல்லாமல் இருந்துவிடுகிறோம். அந்த இரண்டு லட்சம் அப்படியே தூங்கிப்போகிறது. இறப்புச் சான்றிதழோடு அதே கிளைக்குப் போய்க் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவம் கேளுங்கள். ஏற்கெனவே எட்டு மாதம் ஓடிவிட்டது, இனியும் தள்ளவேண்டாம்.

இரண்டாவது, கொத்தனார் என்கிறீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர் பதிந்திருந்தாரா? பீரோவில் வாரிய அட்டை இருக்கிறதா பாருங்கள். பதிவு உயிரோடு இருந்த காலத்தில் இறந்திருந்தால் இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் வாரியம் உதவித்தொகை தருகிறது. போக வேண்டிய இடம் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். இங்கே ஒரு குழப்பம் உண்டு. அந்த அலுவலகப் பலகையிலும் ‘சமூகப் பாதுகாப்புத் திட்டம்’ என்று இருக்கும், பென்ஷன் தரும் தனி வட்டாட்சியர் அலுவலகப் பலகையிலும் அதே பெயர்தான். ஒன்று தொழிலாளர் துறை, மற்றது வருவாய்த் துறை. இங்கே போனவரை அங்கே போகச் சொல்வதும், அங்கே போனவரை இங்கே திருப்பி விடுவதுமாக எத்தனை பேரின் பஸ் காசு போனதோ!

மூன்றாவது, தேசிய குடும்ப நலத் திட்டம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் சம்பாதித்துப் போட்டுவந்தவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால் ஒரே முறை 20,000 ரூபாய். உங்கள் கணவரின் வயது உள்ளே வருகிறது. இதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பென்ஷனுக்கும் உரிமைத் தொகைக்கும் இது இடைஞ்சல் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

எது நல்லது? உங்கள் இடத்தில் நான் இருந்தால் பென்ஷனுக்குத்தான் போவேன். உரிமைத் தொகை குடும்பத்தை அளந்து தருவது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது, நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், காரும் இருக்கக்கூடாது. நாளை மகள் நல்ல வேலைக்குப் போனால் இந்தக் கணக்கு மாறலாம். விதவை ஓய்வூதியம் உங்கள் நிலையை வைத்துத் தருவது. மறுமணம் செய்தால் நிற்கும். மற்றபடி நிலைமை மாறாதவரை தொடரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓய்வூதியதாரர்களுக்குச் சேலையும் உண்டு. மறுமணம் பற்றி யோசனை இருந்தால் அவசரப்படாமல் உரிமைத் தொகையிலேயே இருக்கலாம், அதில் தவறொன்றும் இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பென்ஷன் ஆணை கைக்கு வருமுன் உரிமைத் தொகையை ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பென்ஷன் மனு மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தால் இரண்டும் இல்லாமல் நிற்பீர்கள். கணவர் இறந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு பாக்கியும் தரமாட்டார்கள். அதே சமயம், தொகை வாங்குவதை மறைக்கவும் வேண்டாம். ஆதார் எண் இரண்டு பக்கமும் இருக்கிறது, எப்படியும் தெரிந்துவிடும். விசாரணையில் கேட்டால் ‘வாங்குகிறேன், பென்ஷன் ஆணை வந்ததும் விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லுங்கள்.

எந்தத் திட்டத்தில் சேர்ப்பார்கள் என்பது பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத்துக்கு வயது 40 முதல் 79, வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர்களுக்கும் 40க்குக் கீழே உள்ளவர்களுக்கும் மாநில அரசின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் இருக்கிறது, அதற்கு 18 வயதே போதும். மத்தியத் திட்டத்தில் டெல்லியின் பங்கு 300 ரூபாய், 2012இலிருந்து அதே 300தான். மீதியை மாநிலம் போடுகிறது. உங்கள் கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றே. ‘பட்டியலில் பெயர் இல்லை, போங்கள்’ என்று யாராவது சொன்னால், மாநிலத் திட்டத்தில் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிகிறார்கள். முதலில் உங்கள் பெயரில் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்கி, பிறகு மனுவை ஏற்றுவார்கள். கடவுச்சொல் உங்கள் கைபேசிக்கு வரும், அதனால் உங்கள் எண்ணையே கொடுங்கள், பக்கத்து வீட்டுத் தம்பியின் எண்ணை அல்ல. மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தனி வட்டாட்சியரிடம் போகும்.

அதற்கு முன்னால் காகிதங்களை ஒழுங்குபடுத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது. இறப்புச் சான்றிதழில் கணவரின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா பாருங்கள். குடும்ப அட்டையில் அவர் பெயரை நீக்கி உங்களைக் குடும்பத் தலைவியாக மாற்றுங்கள். பிறகு வாரிசுச் சான்றிதழுக்குப் போடுங்கள். அதில் நீங்களும் மகளும் மட்டுமல்ல, மாமியாரும் வாரிசுதான், விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ப் பெண்களுக்கே உரிய ஒரு தலைவலி இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து, ஆதாரில் எழுத்தே இல்லாமல் வெறும் பெயர், வங்கியில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் முழுதாக. நான்கும் ஒரே பெண்தான் என்று கணினிக்குத் தெரியாது. ஆதாரையும் வங்கிக் கணக்கையுமாவது ஒரே மாதிரி ஆக்கிவிட்டு மனுப் போடுங்கள். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டது என்பதையும் கேட்டு வையுங்கள். பணம் வந்துகொண்டே இருக்கும், நாம் மறந்துபோன வேறொரு கணக்கில்.

வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது ‘ஆதரவற்ற’ என்ற சொல்லைக் கேட்டு மனம் நோகவேண்டாம். அது கோப்பில் எழுதும் சொல். நிலையான வருமானம் உண்டா, நிலம் உண்டா, யார் தாங்குகிறார்கள் என்பதைத்தான் அவர் எழுத வேண்டும். கணவர் பெயரில் கூட்டுப் பட்டா இருந்தால் சிட்டாவை நீங்களே காட்டி, உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். அவராகக் கணினியில் பார்த்தால் மொத்த நிலமும் உங்களுடையது போலத் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு பார்த்த காலத்தில், இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பிப்போன மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்கலாம், முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்கும் பேசலாம். காரணமே சொல்லாமல் இழுத்தடித்தால், வெள்ளைத் தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எண்ணைக் குறிப்பிட்டு, வி.ஏ.ஓ. அறிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும்.

மகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவந்தால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். உங்கள் பென்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கை இப்போதே தொடங்கி வையுங்கள்.