முத்தம் பற்றி ஒரு சிறுவனின் கேள்வி

அன்புள்ள ஐயா,

தொலைக்காட்சியில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, ‘மனுசங்க ஏம்மா முத்தம் குடுத்துக்கிறாங்க?’ என்று என் ஏழு வயது மகன் கேட்டான். கேட்டதற்கு அவன் அப்பா, அவன் முதுகில் ஓர் அடி வைத்தார். இதெல்லாம் மேல்நாட்டுச் சீரழிவு என்கிறார். குழந்தைக்கு நான் என்ன சொல்வது? கலாச்சாரக் காவலர்களை எதிர்த்து 2014-இல் கொச்சியில் நடந்த முத்தப் போராட்டம் பற்றியும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ஆர்.,

கொச்சிப் போராட்டம் பெரியவர்களின் விவகாரம். அது இங்கே வேண்டாம். மேல்நாட்டுச் சீரழிவு என்பதற்கு ஒரு வரி போதும்: சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய மெசபடோமிய (இன்றைய ஈராக் பகுதி) எழுத்துகளிலேயே முத்தம் பற்றிய குறிப்புகள் உள்ளன.

மகனிடம் ஒரு கோழியிறகைக் கொடுத்து, முதலில் முழங்கையிலும் பிறகு உதட்டிலும் வருடிப் பார்க்கச் சொல்லுங்கள். உதட்டுத் தோல் மிக மெல்லியது; அதனால்தான் உள்ளே ஓடும் இரத்தம் சிவப்பாகத் தெரிகிறது. தொடுவதை உணரும் நரம்பு முனைகளும் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. பிரியமானவர்களை, மிக நன்றாக உணரக்கூடிய உறுப்பால் தொடுகிறோம், அதில் இருவர் மனமும் இதமாகிறது என்று சொன்னால் ஏழு வயதுக்குப் புரியும். சிம்பன்சிகள் சண்டை போட்டபின் முத்தமிட்டுச் சமாதானமாவதையும் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும். எல்லா மனிதரும் ஒரே மாதிரி அல்லர்: 2015-இல் வெளியான ஓர் ஆய்வு 168 பண்பாடுகளைப் பார்த்ததில், காதலர் உதட்டில் முத்தமிடும் வழக்கம் 77-இல்தான் இருந்தது. நம் பாட்டிமார் பேரக்குழந்தையை உச்சி முகர்ந்தே அன்பைச் சொன்னார்கள்.

என்னை உறுத்துவது வேறு. முத்தத்தைப் பற்றிக் கேட்டதற்கு அடிக்கும் அதே வீடுகளில்தான், வந்திறங்கும் ஒவ்வொரு விருந்தாளியிடமும் ‘மாமாவுக்கு ஒரு முத்தம் குடு’ என்று குழந்தையைப் பிடித்துத் தள்ளுகிறோம். பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன் படைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து வீடு நிறையும்போது, பீடி நாற்றமும் குத்தும் மீசையுமாக ஒரு பெரியவர் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தால் அம்மாவே தேடிப் பிடித்துக் கொண்டுபோய் விடுவாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டால், மரியாதை தெரியாத பிள்ளை என்று அதற்கும் திட்டு விழும். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் அந்தக் கன்னம் என்னுடையது என்று கூடத்தில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. பிடிக்காத தொடுகையைப் பொறுத்துக்கொள்வதே நல்ல பிள்ளைக்கு அழகு என்று வீட்டுக்குள் பழக்கிவிட்டு, வெளியில் எவனாவது தவறாகத் தொட்டால் மட்டும் குழந்தை கத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

உங்களையும் கடிந்துகொள்கிறேன். அடி விழுந்ததை எழுதிய நீங்கள், அதைத் தடுத்ததாகவோ பிறகு கேட்டதாகவோ எழுதவில்லை. இன்றிரவே அவனை அருகில் அமர்த்தி, கேட்டது தப்பில்லை என்று சொல்லுங்கள். அப்பாவும் உடனிருந்து கேட்கட்டும். இனி வீட்டுக்கு யார் வந்தாலும் வணக்கம் சொன்னால் போதும், முத்தம் கொடுப்பதும் மறுப்பதும் உன் விருப்பம் என்பதை, வந்தவர்கள் காதில் விழும்படியே அவனிடம் சொல்லுங்கள்.