ஷிஃப்டை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வீடு பெரம்பூரில். குழந்தைக்கு எட்டு மாதம், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருக்கிறேன். ஷிஃப்ட் காலை 11 முதல் இரவு 8 வரை, வீட்டுக்கு வர பத்தாகிவிடுகிறது. 8 முதல் 5 வரை மாற்றித் தரக் கேட்டேன், மேனேஜர் "பார்க்கலாம்மா" என்றார். மறுபடி கேட்டால் அப்ரைசலில் கை வைத்துவிடுவார்களோ?
*- வாசகி, பெரம்பூர்*

பதில்: கேளுங்கள். ஆனால் ஷிஃப்டை மாற்றியே ஆக வேண்டும் என்று தனியார் கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த அன்றே நேர மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அங்கேயும் காரணம் சொல்லி மறுக்க இடமுண்டு.

உங்களுக்குக் கைகொடுப்பது மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் திருத்தமாக வந்த விதி. 26 வார விடுப்புக்குப் பிறகும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளோடு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்கிறது அது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளையும் சட்டத்தில் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும், ஆனால் மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் கைக்குழந்தையோடு தினமும் யார் போய்வருவது!

"பார்க்கலாம்மா" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மெயில் போடுங்கள். மேனேஜரிடம் முதலில் சொல்லிவிட்டு எச்.ஆரை சி.சி.யில் சேருங்கள், முதுகுக்குப் பின்னால் போனதாக அவர் நினைத்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். குழந்தை, மாமியார், டிராஃபிக் எல்லாம் ஒரு வரியில் முடியட்டும், மீதி முழுக்க வேலையைப் பற்றியே இருக்கட்டும்: ஐந்து மணிக்கு மேல் வரும் கிளையன்ட் கால்களில் எதை வீட்டிலிருந்து எடுப்பீர்கள், எதை டீமில் இன்னொருவர் எடுக்கச் சம்மதித்திருக்கிறார் (முன்கூட்டியே பேசி வையுங்கள்), வாரத்தில் எந்த நாள் கண்டிப்பாக மாலை வரை இருப்பீர்கள் என்று. மூன்று மாதம் டிரயல் பார்க்கலாம் என்று கேட்டால் மறுப்பது அவருக்கும் கஷ்டம். அப்புறம், நேரம் மாறுகிறதே தவிர குறையவில்லை என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸி என்ற பெயரில் சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். அப்ரைசல் பயம் நியாயமானதுதான், அதனால்தான் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்கிறேன்.

கேள்வி: தி.நகரில் துணிக்கடை வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு பத்து. எட்டுக்கே விடச் சொல்லிக் கேட்கலாமா?
*- வாசகர், சைதாப்பேட்டை*

பதில்: தாராளமாக. நீங்கள் கேட்பது சலுகையே இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புக் கூலி. முதலாளியிடம் தனியாகப் போகாமல் கூட வேலை பார்க்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள், தீபாவளி சீசன் தொடங்குவதற்குள் பேசிவிடுங்கள். அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் புகார் எழுதிக் கொடுக்கலாம்.