மூன்று நாள் வெனிசுக்காகச் சேமிப்பை உடைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, வயது 63, ஊர் திருச்சி. மாத ஓய்வூதியம் 38,000 ரூபாய். வீட்டுச் செலவு அதற்குள் அடங்கிவிடுகிறது. போஸ்ட் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது, வட்டி 8.2 சதவீதம். வங்கி எஃப்டியில் 12 லட்சம் இருக்கிறது, அது மருத்துவச் செலவுக்கு. 2018-ல் குரூப் டூரில் ஐரோப்பா போனபோது வெனிசில் சில மணி நேரம்தான் இருந்தோம். அன்றிலிருந்து அந்த ஊர் மனதை விட்டுப் போகவில்லை. வரும் அக்டோபரில் மியூனிக்கில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போகிறோம், விமான டிக்கெட் எடுத்தாயிற்று. நவம்பரில் அங்கிருந்து நானும் கணவரும் மூன்று நாள் வெனிஸ் போய்வர ஆசை. "எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகிறது, பார்த்த ஊரையே மறுபடி பார்க்கவா?" என்கிறார் கணவர். மகன் பணம் தருகிறேன் என்கிறான், எனக்கு மனம் ஒப்பவில்லை. மூத்த குடிமக்கள் கணக்கை முடித்து எடுக்கலாமா?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள் அம்மா. ஆனால் கணக்கை முடிக்க வேண்டாம், எஃப்டியையும் தொட வேண்டாம். அதற்கு அவசியமே இல்லை.

முதலில் உங்கள் கணவர் சொல்லும் மூன்று லட்சத்தைப் பார்ப்போம். அதில் விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கின்றன. அவை மகனைப் பார்க்கப் போகும் செலவு. வெனிஸ் போகாவிட்டாலும் அந்தப் பணம் போகத்தான் போகிறது. ஆகவே, மியூனிக்கில் ரயில் ஏறி, திரும்பி வந்து இறங்கும் வரை ஆகும் செலவை மட்டும்தான் வெனிஸ் கணக்கில் எழுத வேண்டும்.

மியூனிக்கிலிருந்து ஆல்ப்ஸைக் கடந்து, வெரோனா வழியாக வெனிசுக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஏறக்குறைய ஏழு மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் இருவருக்கும் போக வர 200 யூரோவுக்குள் முடிக்கப் பார்க்கலாம். வெனிஸ் தீவுக்குள்ளேயே எளிமையான அறை நவம்பரில் ஓர் இரவுக்கு 120 யூரோ என்று வையுங்கள், மூன்று இரவுக்கு 360. தங்குபவர்களிடம் நகராட்சி வாங்கும் வரி சுமார் 25. படகுப் பேருந்துக்கு 72 மணி நேர பாஸ் ஒருவருக்கு 45, இருவருக்கு 90. சாப்பாடு, காபி நாளுக்கு 55 வீதம் 165. ஆக 840. கைக்காவலாக இன்னும் 60 சேர்த்தால் 900 யூரோ. யூரோவை 105 ரூபாய் என்று போட்டால் 94,500 ரூபாய்.

இப்போது உங்கள் கைக்கு வருவதைப் பார்ப்போம். 15 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய். ஓய்வூதியத்திலேயே வீடு ஓடுகிறது என்கிறீர்கள், அப்படியானால் இந்த வட்டி சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை மூன்று தவணை சேர்ந்தாலே 92,250. அக்டோபர் முதல் தேதி இன்னொரு தவணை வந்துவிடும். வெனிசுக்கு இது போதும், மிச்சமும் இருக்கும். மாறாக, கணக்கை இப்போது முடித்தால் அசலில் ஒரு சதவீதம், அதாவது 15,000 ரூபாய், பிடித்துக்கொள்வார்கள். ஒரு லட்சம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கவும் முடியாது, முழுக் கணக்கையும் மூட வேண்டும். அந்த 15,000 ரூபாயில் தீவுக்குள் ஓர் இரவு நன்றாகவே தங்கலாம்.

அறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இங்கேதான். கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில் அறை மலிவு, பத்து நிமிட ரயில்தானே என்பார்கள். டூர் கம்பெனிகளும் பெரும்பாலும் அங்கேதான் தங்க வைக்கின்றன. முதல் தடவைக்குச் சரி. நீங்கள் திரும்பிப் போவதே அன்று கிடைக்காத நேரத்துக்காக. பகல் கூட்டம் மாலையில் வடிந்துவிடும். அப்புறம் சாண்டா லூச்சியா ரயில் நிலையத்து வாசலிலேயே ஒன்றாம் நம்பர் படகில் ஏறி, முன்பக்கத்தில் இடம் பிடித்து, பெரிய கால்வாய் முழுக்க சான் மார்கோ சதுக்கம் வரை போங்கள். முக்கால் மணி நேரம். இருபக்க மாளிகைகளிலும் விளக்கு எரியும், உள்ளே மரவிட்டம் போட்ட கூரைகள் தெரியும். தனி டிக்கெட் என்றால் ஒருவருக்கு 9.50 யூரோ, உங்களுக்கு பாஸிலேயே அடங்கிவிடும். இதற்குத் தீவுக்குள் படுக்கை வேண்டும். படகுத்துறைக்குப் பக்கமாக, லிஃப்ட் உள்ள அறையாகக் கேளுங்கள். அந்த ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பாலத்திலும் படி ஏறி இறங்க வேண்டும். முழங்காலுக்காக இருபது யூரோ கூடுதலாகக் கொடுத்தால் தப்பில்லை.

செலவைக் குறைக்க வேறு இடம் இருக்கிறது. 2018-ல் கொண்டோலா என்ற துடுப்புப் படகில் ஏறியிருப்பீர்கள். அரை மணி நேரத்துக்குப் பகலில் 90 யூரோ, இரவில் 110 என்பது அதிகாரப்பூர்வக் கட்டணம். இந்த முறை அதை விட்டுவிடுங்கள். ரியால்டோ சந்தைக்கு எதிர்க்கரையிலிருந்து ட்ராகெட்டோ என்ற துடுப்புப் படகு ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும், வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சில நிமிடம்தான், ஆனால் அதே கால்வாய், அதே மாதிரிப் படகு. சந்தை காலையில்தான். பக்கத்தில் சான் ஜாக்கொமோ தேவாலயம் இருக்கிறது, நெற்றியில் பெரிய கடிகாரம். அதன் முன்னால் உள்ள சின்னச் சதுக்கத்தில்தான் ஒரு காலத்தில் வெனிஸ் வங்கிக்காரர்கள் மேசை போட்டுப் பேரேடு எழுதினார்கள். பணக் கணக்குப் பார்த்து ஆலோசனை சொல்லும் என் தொழிலில் இருக்கும் யாருக்கும் அது கும்பிட வேண்டிய இடம், அவசியம் பாருங்கள். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒன்றரை யூரோ அளவில் முடியும். சான் மார்கோ சதுக்கத்தில் உட்கார்ந்தால் விலையே வேறு, வாத்தியம் வாசித்தால் அதற்கும் தனியாக வாங்குவார்கள்.

தேதியை நான் முடிவு செய்வதானால் நவம்பர் 21 உள்ளே வருகிற மாதிரி வைப்பேன். 1630-31 கொள்ளைநோய் ஓய்ந்ததற்கு நன்றியாகக் கட்டிய சலூத்தே தேவாலயத்தின் திருநாள் அன்று. பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக நடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. நவம்பரில் கடல் மட்டம் ஏறித் தாழ்வான இடங்களில் தண்ணீர் வருவதுண்டு. 2020 அக்டோபரிலிருந்து கடல்வாயில் தடுப்புகள் இயங்குவதால் முன்பு போலப் பயமில்லை, என்றாலும் ரப்பர் பூட்ஸை மருமகளிடம் கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். ஒருநாள் மட்டும் வந்து போகிறவர்களிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் பற்றிப் படித்திருப்பீர்கள். அது வசந்தம், கோடையில் குறிப்பிட்ட சில நாட்களுக்கானது. உங்களுக்கு இல்லை.

மகன் தருவதை முழுக்க மறுக்க வேண்டாம். ரயில் டிக்கெட்டை அவர் எடுக்கட்டும், ஜெர்மன் ரயில் சலுகைகள் அவருக்குத்தான் அத்துப்படி. மற்றதெல்லாம் உங்கள் பணத்தில் இருக்கட்டும். நீங்கள் ஆசைப்பட்டதை உங்கள் வட்டியிலேயே செய்துகொள்வதில் இருக்கும் நிம்மதி எனக்குப் புரிகிறது.

பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டில், யூரோவாக ஏற்றிக்கொள்ளுங்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் வரை இதற்கு டிசிஎஸ் என்ற முன்வரிப் பிடித்தம் கிடையாது. சாதாரண கிரெடிட் கார்டுகள் பல 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் போட்டு அதன் மேல் ஜிஎஸ்டியும் வாங்கும். உங்கள் தொகைக்கு அது நான்காயிரம் ரூபாய் வரை போகும். எந்தக் கார்டானாலும், கடையில் மெஷின் "ரூபாயா, யூரோவா" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விலையில் கணிசமாக இழப்பீர்கள்.

இன்சூரன்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு வெளிநாட்டில் உதவாது. விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம், அதற்கு மேலேயே எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள். அதிக நாள் தங்குவது ஜெர்மனியில் என்பதால் விசாவை ஜெர்மனியிடம்தான் கேட்க வேண்டும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான அதே ஷெங்கன் விசாவில் இத்தாலியும் போகலாம். பயணத் திட்டத்தில் வெனிசையும் எழுதி, அறை முன்பதிவையும் இணைத்துவிடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் அறையைப் பிடியுங்கள், விசா வருவதற்குள் தேதி மாறினாலும் நஷ்டமில்லை. ஓய்வூதிய நேர்காணல் மாதம் பயணத்துக்குள் விழுகிறதா என்பதையும் கிளம்பும் முன் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.